பாதி நேரம்

பிராண்டன் நகரப் பணிமனையில்
பனி உழவு வண்டிகள் பதினாறு.
பதினாறிலும் பழைய ரேடியோவைக் கழற்றிப்
புதியதை மாட்டியது நான்.
விரல் தோல் இரண்டிடத்தில்
கதவுப் பிடியோடு போயிற்று.

எங்களுக்கு உரிமம் உள்ள அலைவரிசை ஒன்றுதான்,
அகலம் பன்னிரண்டரை கிலோஹெர்ட்ஸ்.
இன்னொன்று கேட்டோம்.
காற்றில் இடமில்லை என்று ஒட்டாவாவிலிருந்து கடிதம்.
கடிதத்தை மடித்துவிட்டு சன்னலைப் பார்த்தேன்:
கண்ணுக்கெட்டிய மட்டும்
வெள்ளை. வேறெதுவும் இல்லை.

ஆகவே நேரத்தை நறுக்கினோம்.
முப்பது மில்லிநொடி வடக்கு வண்டிகளுக்கு,
முப்பது தெற்குக்கு,
மறுபடி வடக்கு.
கண்ணிமைக்கும் பொழுது ஒரு மாத்திரை என்று
ஏழாம் வகுப்பில் ஒப்பித்தது;
அதில் பத்தில் ஒன்றும் தேறாது இது.
மெய்யெழுத்தே அரை மாத்திரை நிற்கும்.
ஒரு ‘க்’ முடிவதற்குள்
இரண்டு பேர் பேசி, நிறுத்தி, மறுபடி பேசியிருப்பார்கள்
ஒருவரை ஒருவர் அறியாமல்.

ரெஜ் டெஜார்லே நம்பவில்லை.
“நான் நிறுத்தாமல்தானே பேசுகிறேன்?”
பேசும் நேரத்தில் பாதி உங்கள் பெட்டி ஊமை, ரெஜ்.
அந்தப் பாதியில் மின்கலம் மூச்சு வாங்கிக்கொள்கிறது.
“யூனியன் கூட்டத்தில் என்னிடம்
இதைத்தான் கெஞ்சினார்கள்” என்றார்.

மிச்சத்தைப் புரியவைத்தது பனிதான்.
தெருமுனையில் தகட்டை வெடுக்கென்று திருப்பினால்
பனி எங்கே போகும்?
“அடுத்த வீட்டு வாசலுக்கு. காலையில் வசவு.”
துடிப்பும் அப்படித்தான்.
கூர் மூலையோடு அனுப்பினால்
பக்கத்து அலைவரிசையில் சிதறும்;
பக்கத்தில் இருப்பது ஆம்புலன்ஸ்.
மூலையை மழுக்கி, மெல்ல வளைத்துத் திருப்புகிறோம்.
அலை உயரத்தில் குதிப்பதில்லை,
சுருதி மட்டும் நான்கு படிகளில் ஏறி இறங்கும்.
குதிக்காத அலை
கூலி குறைவாகக் கேட்கும்.

“பதினாறு படி வைத்தால் இன்னும் நெருக்கலாமே?”
கட்டுப்பாட்டு அறையிலிருந்து மர்லீன் ஃபெடோருக்.
நெருக்கலாம்.
படி சிறுத்தால் இருட்டில் கால் தடுக்கும்,
தடுக்காதிருக்க விளக்கைப் பெரிதாக்க வேண்டும்.
எண்ணெய்க்கு எங்கே போவது?

குரலும் முழுதாகப் போவதில்லை.
தொண்டை இப்படி, காற்று இவ்வளவு என்று
குரலைப் பற்றிய குறிப்புதான் போகிறது.
அந்தப் பக்கம் ஒரு சில்லு அதைப் படித்து
ரெஜ் மாதிரி பேசும்.
சோதனைக்கு நான் ‘உழவு’ என்றேன்.
‘உளவு’ என்று திரும்பி வந்தது.
கோபிக்க முடியவில்லை,
எங்கள் மதுரையிலேயே பாதிப் பேர் அப்படித்தான்.

ஜனவரி பதினேழு. மைனஸ் முப்பத்தெட்டு.
நெடுஞ்சாலைக்கு வடக்கே ரெஜ் பள்ளத்தில்.
இன்ஜின் செத்தது, வண்டி ரேடியோவும் கூடவே.
கைப்பெட்டியைச் சட்டைக்குள்
வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

பழைய ரேடியோவில் இரைச்சல் இருந்தது.
தூரம் கூடக் கூட இரைச்சல் ஏறும்;
மர்லீன் அதைக் கேட்டே எத்தனை மைல் என்பாள்.
இதில் அது கிடையாது.
தெளிவு, தெளிவு,
பிறகு ஒன்றுமில்லை.
அன்று இரவு பதினொரு முறை ஒன்றுமில்லை.
பதினொரு முறையும் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.
பன்னிரண்டாம் முறை,
செய்தி வாசிப்பவரைப் போல நிதானமாக:
“இருக்கிறேன், மர்லீன்.”

விடிந்ததும் இழுவை வண்டி போயிற்று.
பெட்டியை என் மேசையில் வைத்துப் பார்த்தேன்:
ஒன்பது மணி நேரம், ஒரு கோடு மிச்சம்.
பழையது இந்தக் குளிரில் நான்கைத் தாண்டியதில்லை.
கணக்கு சரி.
அறிக்கையில் எழுதினேன், கையெழுத்திட்டேன்.

மர்லீன் காப்பியோடு வந்து நின்றாள்.
“ராத்திரி முழுக்கப் பல் தந்தியடித்ததாம் அவருக்கு.
எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லையே?”

அதை எடுத்துவிட்டோம் என்றேன்.
இடமில்லை.